களத்துமேட்டில் கூட்டாஞ்சோறு: மூன்று முறை ஆக்கிப் பார்த்தது

பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்து வைக்கோல் படப்பில் ஏறிவிட்டால், அடுத்த கார் பருவ நடவுக்குத் தண்ணீர் திறக்கிற வரைக்கும் எங்கள் களம் சும்மாதான் கிடக்கும். திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர்ப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். களத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு வேப்பமரம், அதைத் தாண்டினால் கால்வாய்க் கரை. அக்கா பிள்ளைகள், என் மருமகனும் மருமகளும், பாளையங்கோட்டையிலிருந்து வரும்போதெல்லாம், “மாமா, இங்க அடுப்புப் போட்டுச் சமைக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சரி என்று இந்த வருடம் மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்து, வைகாசி முடிவதற்குள் மூன்று தடவை அங்கே கூட்டாஞ்சோறு ஆக்கினோம். முதல் தடவை ஆக்கினதை மாடுதான் தின்றது. இரண்டாவது தடவை எல்லாரும் சாப்பிட்டோம். மூன்றாவது தடவை ஆச்சி மறுசோறு கேட்டாள்.

சமையல் சாமான் மூன்று தடவையும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறினதெல்லாம் விறகும், கல்லும், பாத்திரமும், எப்போது எதைப் போடுவது என்பதும்தான். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்பைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஆளுக்கொன்று கொண்டுவந்து கூடி ஆக்குவதால்தான் அது கூட்டாஞ்சோறு. ஒரு வீட்டு அரிசி, இன்னொரு வீட்டுப் பருப்பு, கொல்லையில் பறித்த கத்தரிக்காய், யார் வீட்டு மரத்திலிருந்தோ ஒடித்த முருங்கைக்கீரை, மூன்று கல், ஒரு பானை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விளையாட்டாக ஆக்கியது இப்போது ஹோட்டல் பட்டியல் வரைக்கும் போயிருக்கிறது. எரிவாயு அடுப்பில், குக்கரில் நானும் பலமுறை செய்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விறகடுப்பிலிருந்து இறக்கி மூடியைத் திறக்கும்போது முருங்கைக்கீரையும் சீரகமும் லேசான புகையும் சேர்ந்து ஒரு வாசம் வருமே, அது வராது. அந்த வாசத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

எட்டுப் பேருக்கு எடுத்துக்கொண்ட அளவு இது. அம்பை 16 புழுங்கலரிசி 750 கிராம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம், கொஞ்சம் குண்டு அரிசி, குழைந்தாலும் கஞ்சியாகிப் போகாது. துவரம் பருப்பு 250 கிராம். கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்) எல்லாம் சேர்த்து ஒரு கிலோ. ஒரு மாங்காய். முருங்கைக்கீரை உருவினது இரண்டு கை நிறைய. எலுமிச்சை அளவு புளி. அரைப்பதற்குத் தேங்காய் அரை மூடி, மிளகாய் வத்தல் எட்டு, சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) பத்து, மஞ்சள். இதை வீட்டிலேயே அரைத்து ஒரு தூக்குவாளியில் கொண்டுபோய்விடுவோம். தாளிக்க நல்லெண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, கூழ்வத்தல்.

முதல் தடவை

கால்வாய்க்குள் இறங்கி, பார்க்க அழகாக வழவழவென்று இருந்த உருண்டைக் கல் மூன்றைத் தூக்கி வந்து வைத்தேன். அதுதான் அன்றைக்கு நடந்த பெரிய தவறு. அடுப்பு மூட்டி இருபது நிமிடம் இருக்கும். டப்பென்று ஒரு சத்தம். ஒரு கல் குறுக்கே பிளந்து, அதிலிருந்து தெறித்த சில்லு மருமகன் காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. பானை ஒரு பக்கம் சாய்ந்து கொதிநீர் தளும்பித் தணலில் கொட்டி, சாம்பலும் ஆவியும் முகத்துக்கு நேரே எழும்பியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எனக்குக் கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ரொம்ப நாள் தண்ணீருக்குள் கிடந்த கல்லின் நுண்ணிய இடுக்குகளில் தண்ணீர் இறங்கியிருக்கும். வெளிப்பக்கம் சூடேறும்போது உள்ளே இருக்கிற நீர் ஆவியாக மாறி விரியும். போக வழி இல்லையென்றால் கல்லைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். ஆற்றிலும் கால்வாயிலும் எடுத்த கல்லை அடுப்புக்கு வைக்கவே கூடாது. மேட்டில் வெயிலில் காய்ந்து கிடக்கிற கல் எடுக்கலாம். அதைவிட நல்லது நாட்டுச் செங்கல். அடுத்த தடவையிலிருந்து இடிந்த தொழுவத்துச் சுவரிலிருந்து எடுத்த பழைய செங்கல்தான்.

விறகும் சரியில்லை. மூன்று நாளைக்கு முன்னால் வேப்பமரத்தைக் கழித்தபோது விழுந்த கொப்புகள் கிடந்தன. மேலே காய்ந்த மாதிரி இருந்தது, உள்ளே பச்சை. பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீராக இருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுகிற வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல் வேண்டும், அதே தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க. நான் மூட்டிய நெருப்பு முதலில் விறகுக்குள் இருந்த தண்ணீரைத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தது. பானைக்கு வந்தது மிச்சம்தான். விறகு சூடேறும்போது வெளியே வருகிற வாயு எரிந்தால் அது சுடர். எரிகிற அளவுக்குச் சூடு இல்லாவிட்டால் அதுவே புகை. அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது முக்கால்வாசியும் புகை. மருமகள் முந்தானை மாதிரி துண்டைப் போட்டு மூக்கை மூடிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் சமையல். வீட்டில் குக்கரில் செய்வதுபோல அரிசி, பருப்பு, காய், புளிக்கரைசல், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். குக்கருக்குள் அழுத்தம் சேர்ந்து வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி வரைக்கும் போகும். அங்கே அது செல்லும். திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. புளிப்பு முன்னாலேயே சேர்ந்துவிட்டால் பருப்பு இளகாது. போதாததற்கு நான் எடுத்துப்போனது களத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சோப்பு நுரைக்காத தண்ணீர். அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் பருப்பை வேகவிடாது. ஒரு மணி நேரம் ஆகியும் பருப்பு பல்லில் நறநறவென்றது.

வேகவில்லையே என்று இன்னும் விறகைத் திணித்தேன். சுடர் பானையின் கழுத்து வரைக்கும் ஏறியது. அடியில் அரிசி கருகி ஒரு விரற்கடை கனத்துக்கு ஒட்டிக்கொண்டது. மேலே பருப்பு வேகாமலே கிடந்தது. நெருப்பைக் கூட்டினால் சீக்கிரம் வெந்துவிடும் என்று நினைத்தேன். கொதிக்கிற தண்ணீர் கொதிக்கிற தண்ணீர்தான், அதன் சூடு ஏறுவதில்லை. கூடுதல் நெருப்பு தண்ணீரைச் சீக்கிரம் வற்ற வைக்கும், அடியைத் தீய்க்கும், அவ்வளவுதான் அதனால் முடியும்.

சாயங்காலம் வீட்டில் ஆச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “எய்யா, நீ தீய எரிச்சிருக்க. சோறு கங்குலல்லா வேகும்.”

ஆச்சி இதைப் படித்தது அடுக்களையில் மட்டும் இல்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய், ஆற்றோரம் குடில் போட்டு நாள்கணக்கில் தங்கி அங்கேயே பொங்கித் தின்ற தலைமுறை. இப்போது தங்குகிற நாள்களைக் குறைத்துவிட்டார்கள். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற இடம். பிள்ளைகள் அங்கே போய்ச் சமைக்கலாமா என்றும் கேட்டார்கள். நான் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். மாசி பங்குனியில் மலையில் புல் காய்ந்து பஞ்சு மாதிரி நிற்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் செத்துப்போன செய்தியைப் படித்தவர்கள் யாரும் அந்தப் பருவத்தில் காட்டுக்குள் தீக்குச்சி கிழிக்க மாட்டார்கள். விறகடுப்புச் சமையலுக்குச் சொந்தக் களம், தரிசு நிலம், வீட்டுப் பின்கட்டு போதும்.

இரண்டாவது தடவை

பங்குனியில் ஆச்சியையும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனோம். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கையில் ஊதுகுழலை வைத்துக்கொண்டு அதனாலேயே அங்கே வை, இங்கே வை என்று காட்டினாள்.

அவள் சொன்ன முதல் காரியம், இரண்டு அடுப்பு. ஒன்று எரிக்க, ஒன்று ஆக்க. எரிக்கிற இடத்தில் விறகை அடுக்கிக் கொளுத்திவிட வேண்டும். அங்கே கங்கு விழ விழ, மண்வெட்டியால் அள்ளி ஆக்குகிற அடுப்புக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் எனக்கு இது வீண்வேலையாகத் தெரிந்தது. செய்து பார்த்தபோதுதான் புரிந்தது: எரிவாயு அடுப்பில் குமிழைத் திருகுவோமே, அந்தத் திருகுதான் இது. சூடு வேண்டுமென்றால் இரண்டு அள்ளு கங்கு கூடுதல். தணிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் இழுத்துவிட்டால் போச்சு.

விறகு இந்தத் தடவை சீமைக்கருவேல். எங்கள் பக்கம் உடை விறகு என்போம். போன வருடம் வெட்டி அடுக்கினது, இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம்தான் அடையாளம். பச்சை விறகு தட்டினால் மந்தமாக ஒலிக்கும். மரமாக நிற்கும்போது அது எங்கள் நிலத்துக்குச் செய்கிற கெடுதல் கொஞ்சநஞ்சம் இல்லை. விறகாக அதற்கு இணை கிடையாது. கனமான மரம், நின்று எரியும், கங்கு உதிராமல் உருண்டையாக நிற்கும். முருங்கையும் முள்முருங்கையும் அடுப்புக்கு உதவாது, பஸ்ஸென்று எரிந்து சாம்பலாகிவிடும். கால்வாய்க் கரையில் அரளி நிறைய நிற்கிறது. அதை எரிக்கவும் கூடாது, அதன் குச்சியால் பானையைக் கிளறவும் கூடாது. செடி முழுக்க விஷம். பிள்ளைகள் சுள்ளி பொறுக்கப் போகும்முன் அரளி இலையை ஒடித்துக் காட்டி, இது வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன். பெயிண்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகைத் துண்டு, இதுகளும் வேண்டாம்.

மூட்டுவதற்கு மண்ணெண்ணெய் தேவைப்படவில்லை. அடியில் பன்னாடை (தென்னை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்கிற நார்), அதன் மேல் கிழித்த தென்னம்பாளை, அப்புறம் சுண்டுவிரல் கனத்தில் சுள்ளி, அதன் மேல் நாலைந்து சிரட்டை. சிரட்டை பற்றிக்கொண்டால் நன்றாக நின்று எரியும், அதற்குள் பெருவிரல் கனத்து விறகைக் கொடுத்துவிடலாம். மணிக்கட்டுக் கனத்துக் கட்டை கடைசியில்தான். முதல் தடவை நான் எடுத்ததும் கட்டையை வைத்துவிட்டு ஊதிக்கொண்டிருந்தேன். ஊதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. சுடரைப் பார்த்து ஊதினால் அணையும். தரையை ஒட்டி, கங்கின் அடியைப் பார்த்து, நீளமாக ஒரே மூச்சாக ஊத வேண்டும். மருமகள் இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஊதுகுழலை யாருக்கும் தரவில்லை.

முக்கால் மணி நேரம் எரியவிட்டோம். அதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிட்டது. ஆச்சி அசையவில்லை. “கங்கு கனியட்டும்” என்று ஒரே சொல்.

கனிவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கிட்டேயிருந்து பார்த்தேன். சுடர் தணிந்தபின் கட்டை கறுப்பாகவே இருக்கிறது, அங்கங்கே மட்டும் சிவப்பு. அப்போது அதிலிருந்து நீலமாகவும் மஞ்சளாகவும் சின்னச் சின்ன நாக்கு எட்டிப் பார்க்கும். வாயு இன்னும் மிச்சம் இருக்கிறது. அது ஒவ்வொன்றாக அடங்கும். கட்டையின் மேல் சதுரம் சதுரமாக வெடிப்பு விழும், ஓட்டில் கீறல் விழுந்த மாதிரி. வெடிப்புக்குள்ளே ஆரஞ்சு நிறம் கூடிக் குறைந்து மூச்சு விடுவதுபோலத் தெரியும். கடைசியில் மேலே மெல்லிசாக வெள்ளைச் சாம்பல் படரும். கரண்டிக் காம்பால் தட்டினால் கிணுங் என்று உடைந்து உள்ளே முழுச் சிவப்பு. புகை துளிகூட இல்லை. அதுதான் பதம். இந்த நிலையில் எரிகிறது வெறும் கரி. சுடர் மாதிரி காற்றில் அலையாமல் ஒரே சீராகச் சூட்டைத் தரும்.

சூட்டை அளக்க ஆச்சி கையைத்தான் வைத்தாள். கங்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி, ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுவது. இரண்டுக்குள் கையை இழுத்துக்கொண்டால் உலை கொதிக்க வைக்கிற சூடு. நாலைந்து வரைக்கும் தாங்கினால் சோறு வேகிற சூடு. எட்டு வரைக்கும் தாங்கினால் இறக்கும்முன் புழுங்கவிடுகிற சூடு. என் கணக்கும் ஆச்சி கணக்கும் ஒன்றாக வரவில்லை, எண்பது வருடம் அடுப்பில் புழங்கின கை அது. ஆளுக்கு ஆள் எண் மாறும், ஆனால் ஒரே ஆள் பார்த்தால் போதும்.

பானையின் வெளிப்பக்கம் கரி பிடிக்காமல் இருக்க, அடுப்பில் ஏற்றும்முன் அடியிலும் சுற்றிலும் களிமண்ணையும் சாம்பலையும் குழைத்துப் பூசினோம். சமையல் முடிந்து தண்ணீரில் வைத்தால் மண்ணோடு சேர்ந்து கரியும் கழன்று வந்துவிடுகிறது. முதல் தடவை பூசாமல் ஏற்றிய அலுமினியப் பானையைத் தேங்காய் நாரும் மணலும் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தும் இன்றைக்கு வரைக்கும் கறுப்பு முழுசாகப் போகவில்லை.

போடுகிற வரிசையையும் மாற்றினேன். தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோனது, குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர். நாலு லிட்டர் உலை வைத்து, அரை மணி நேரம் ஊறின பருப்பையும் மஞ்சளையும் மட்டும் போட்டேன். பருப்பு விரலில் நசுங்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அப்புறம் அரிசி. அரிசி பாதி வெந்ததும் காய், உப்பு. வாழைக்காயும் முருங்கைக்காயும் முதலில், கத்தரிக்காய் கொஞ்சம் பிந்தி. காய் வெந்தபின்தான் புளித்தண்ணீரும் மாங்காயும். பக்கத்தில் சின்னப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் வெந்நீர் எப்போதும் சூடாக இருந்தது. தண்ணீர் சுண்டினால் அதைத்தான் விட வேண்டும், பச்சைத்தண்ணீரை விட்டால் கொதி அடங்கிவிடும், திரும்பக் கிளம்ப நேரமாகும்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தேங்காய் அரைத்ததை ஊற்றியபோது அவசரப்பட்டு, கொதி நன்றாக வரட்டும் என்று இரண்டு அள்ளு புதுக் கங்கு போட்டுவிட்டேன். தேங்காய் விழுது கனமாக அடியில் போய் உட்கார்ந்து பிடித்துக்கொண்டது. கருகவில்லை, ஆனால் லேசாகத் தீய்ந்த வாடை சோறு முழுக்க ஏறிவிட்டது. எல்லாரும் சாப்பிட்டார்கள். ஆச்சி ஒரு வாய் வைத்துவிட்டு, “தேங்கா ஊத்துனதுக்குப் பொறவு கங்க இழுத்துப்போடணும்யா, போடப்பிடாது” என்றாள்.

மூன்றாவது தடவை

இதற்கு மண்பானை வாங்கினேன். காருகுறிச்சி எங்களுக்குப் பக்கம்தான், பரம்பரையாகப் பானை வனைகிற ஊர். வாய் அகன்ற ஏழு லிட்டர் பானை ஒன்றை விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் உடையாமல் வருகிறதா என்று கேட்டு எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் நாலு நாள் கஞ்சித்தண்ணீரை ஊற்றி மெல்லிய சூட்டில் காய்ச்சிப் பழக்கினோம். கஞ்சியில் இருக்கிற மாவு மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். பழக்காமல் அடுப்பில் ஏற்றினால் கசியும், விரிசலும் விடலாம். மண்பானையை எடுத்ததும் சுடரில் வைக்கக் கூடாது. முதலில் கொஞ்சம் கங்கு, பானையும் தண்ணீரும் சேர்ந்து சூடேறினபின் கூடுதல் கங்கு.

வைகாசிக் கடைசி. மேல்காற்று கிளம்பிவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று, பத்து மணிக்கு மேல் களத்தில் நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படப்பு களத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. மேற்கே இருந்து அடிக்கிற காற்றில் ஒரு பொறி பறந்தால் நேரே வைக்கோலில்தான் போய் விழும். அதனால் இடத்தையும் நேரத்தையும் மாற்றினோம். களத்தை விட்டுத் தெற்கே, உழுது போட்டிருந்த வயலுக்குள் இறங்கினோம், எரிய ஒரு புல்கூட இல்லை. காலை ஐந்தரைக்கே அடுப்பு மூட்டினோம். அந்த நேரம் காற்று தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு முழ நீளம், ஒரு சாண் ஆழத்தில் குழி வெட்டி, தோண்டின மண்ணை மேற்குப் பக்கம் மேடாகக் குவித்து, அடுப்பின் வாயை வடக்கே பார்த்து வைத்தேன். காற்றைப் பார்த்து வாய் வைத்தால் காற்று உள்ளே புகுந்து சூட்டை எல்லாம் பின்பக்கமாக அள்ளிக்கொண்டு போய்விடும், கங்கும் அரை மணி நேரத்தில் தின்று தீர்ந்துவிடும். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர், பிள்ளைகள் தொடாமல்.

இரண்டாவது தடவை செய்த அதே வரிசை. மண்பானையில் உலை கொதிக்கப் பத்து நிமிடம் கூடுதலாகத்தான் ஆனது. ஆனால் கொதித்தபின் பாதிக் கங்கை இழுத்துவிட்டாலும் கொதி நிற்கவில்லை. அலுமினியம் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும், மண்பானை சுற்றிலும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கொடுக்கும். தேங்காய் ஊற்றும்முன் அடுப்பின் நடுவிலிருந்து கங்கு முழுவதையும் ஓரத்துக்கு இழுத்து வளையம் மாதிரி வைத்தேன். நேர் அடியில் வெறும் சூட்டுச் சாம்பல். முருங்கைக்கீரையைத் தூவி, ஒரு கிளறு கிளறி, மூடியின் மேலே மூன்று அள்ளு கங்கு போட்டுப் பதினைந்து நிமிடம் புழுங்கவிட்டோம்.

இறக்கி வைக்க ஆச்சி ஒரு பிரிமணை செய்தாள். வைக்கோலை ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தெளித்து, இரண்டு புரியாக முறுக்கி, வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்தாள். இரண்டு நிமிட வேலை. சூடான மண்பானையை ஈரத்தரையில் நேராக வைத்தால் அடி வெடித்துவிடும். பிரிமணையில் உட்கார்ந்த பின்னும் உள்ளே ஐந்து நிமிடம் கொதி கேட்டது. அதனால் மண்பானையில் ஆக்கினால் இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று தோன்றும்போதே இறக்கிவிட வேண்டும்.

இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் விட்டு, கரண்டியையே கங்கில் வைத்துக் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தோம். கூழ்வத்தல் பொரித்துக்கொண்டோம். அடுப்பு ஓரத்துக் கங்கில் இரண்டு பெரிய கத்தரிக்காயைக் காம்போடு வைத்து, கத்தியால் நாலு குத்துக் குத்தித் திருப்பித் திருப்பிச் சுட்டோம். குத்தாவிட்டால் ஆவி அடைத்து வெடிக்கும். தோல் முழுக்கக் கருகி, கை வைத்தால் தொளதொளவென்று ஆனதும் எடுத்து, மூடி வைத்து, தோலை உரித்துச் சின்ன உள்ளி, பச்சை மிளகாய், உப்பு, துளி புளி போட்டுப் பிசைந்தது. மருமகன் வீட்டில் கத்தரிக்காயை ஒதுக்கி வைக்கிறவன், அன்றைக்கு விரலை நக்கினான்.

சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளிக்கிழங்கு) நாலைச் சாம்பலுக்குள் புதைத்திருந்தோம். இதைக் கங்கில் நேராக வைத்தால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். கங்கின் மேல் இரண்டு விரல் சாம்பல், அதன் மேல் கிழங்கு, மேலே திரும்பவும் சாம்பல், அதற்கு மேல் கொஞ்சம் கங்கு. நடுத்தரக் கிழங்குக்கு நாற்பத்தைந்து நிமிடம். ஈர்க்குச்சி தடங்கல் இல்லாமல் இறங்கினால் வெந்தது. உடைத்ததும் தோலை ஒட்டின இடத்தில் பாகு கசிந்து பழுப்பாக இருந்தது, கருப்பட்டிக் காப்பிக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒன்பதரைக்கு வாழை இலையில் சாப்பிட்டு முடித்தோம். காற்று எழும்ப ஆரம்பித்திருந்தது.

அணைக்கிற வேலையை அவசரமாகச் செய்யக் கூடாது. மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அணைப்பதாகாது. அந்தக் காலத்தில் ராத்திரி அடுப்புக் கங்கைச் சாம்பலில் மூடி வைத்து, விடிகாலையில் கிளறி அதிலிருந்தே நெருப்பு எடுப்பார்கள். மண் போட்டு மூடினாலும் அதேதான் நடக்கும். உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், தெரியாமல் வெறுங்காலோடு மிதிக்கிறவருக்கு வெந்துபோகும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கம்பால் அடி வரைக்கும் கிளறி, கட்டைகளைப் புரட்டி, திரும்ப ஊற்றி, கடைசியில் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு மூலையில் இன்னும் வெக்கை தெரிந்தது. மூன்றாவது தடவையும் ஊற்றினேன். செங்கல்லுக்கு மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன். சூட்டோடு நனைந்தால் அதுவும் விரிசல் விடும்.

ஆச்சி அதற்குள் பானையின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அடியில் காந்தல் பிடித்திருந்தது. இந்தத் தடவை கருகல் இல்லை, பொன்னிறத்தில் மொறுமொறுப்பாக ஒரு ஏடு, நெய் விட்ட தோசை ஓரம் மாதிரி. ஒரு தட்டில் அதைப் பெயர்த்து வைத்து, “இந்தா, அடுப்புப் பாத்தவளுக்கு” என்று மருமகளிடம் நீட்டினாள். அவள் பாதியை ஒடித்து ஆச்சிக்கே கொடுத்தாள்.

போன வாரம் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். நாங்கள் குழி வெட்டின வயலில் இப்போது நாற்று நிற்கிறது. செங்கல் மூன்றும் வேப்பமரத்தடியில் மேட்டில் இருக்கின்றன, மழை படாமல் மேலே ஒரு தகரம். பானையைக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, பரணில் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.